இரண்டு தாளில் ஒரே தவறு

பரீட்சைத் தாள் திருத்துகிறவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். இரண்டு பேர் ஒரே சரியான விடையை எழுதினால் அதில் சொல்ல ஒன்றுமில்லை; சரியான விடை ஒன்றுதானே இருக்கிறது. இரண்டு பேரும் ஒரே தவறை, அதே வரியில், அதே மாதிரி செய்திருந்தால் ஒருத்தன் இன்னொருத்தன் தாளை எட்டிப் பார்த்திருக்கிறான். பதினாறு வருஷமாகப் பல்கலைக்கழகத்தில் கணிதம் சொல்லிக்கொடுக்கும் டாக்டர் சுதர்ஷினி விஸ்வலிங்கம் இந்த வழியில் எத்தனையோ பேரைக் கையும் களவுமாகப் பிடித்திருக்கிறாள். அழுதாலும் விடமாட்டாள், காலில் விழுந்தாலும் விடமாட்டாள்.

அந்தத் திங்கட்கிழமை காலை அவள் பிடித்தது மாணவனை அல்ல, பக்கத்து அறைக்காரனை.

பக்கத்து அறையில் இருந்தவன் புவனேஸ்வரன். வயது முப்பத்து நாலு. நாலு வருஷமாக ஒப்பந்த விரிவுரையாளர். தாசேக் கெலுகோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவரின் மகன். அவனுடைய கட்டுரை ஒன்று, அச்சுக்கு முன்பே எல்லாரும் படிக்கும்படி ஏற்றிவைக்கும் இணையத்தளத்தில் வந்திருந்தது. தலைப்பைப் பார்த்ததுமே சுதர்ஷினி அதை அச்சடிக்கப் போனாள். அச்சுப்பொறியில் இருந்த மிச்சத் தாளில் முதல் ஆறு பக்கம்தான் வந்தது. அதுவே போதும் என்றாகிவிட்டது. ஆறாம் பக்கத்தில் மூன்றாம் துணைத்தேற்றம், நிரூபணத்தோடு, அப்படியே அவளுடையது.

அவளுடையது என்றால், அவளது நீல நோட்டில் இருப்பது. போன அக்டோபரில் பழைய பக்கங்களைப் புரட்டும்போது அவள் கையெழுத்தில் அது கிடந்தது. எப்போது யோசித்தோம் என்றே அவளுக்கு ஞாபகம் வரவில்லை. பக்கத்தில் தேதி கிடையாது, ஓரத்தில் ஏதோ மஞ்சள் கறை மட்டும். நல்ல யோசனை எல்லாம் இப்படித்தான் சொல்லாமல் கொள்ளாமல் வரும் என்று தனக்குத்தானே பெருமைப்பட்டுக்கொண்டாள். அதை வைத்து ஒரு கட்டுரை எழுதி, நவம்பரில் தன் பெயரில் ஓர் ஆய்விதழுக்கு அனுப்பியும்விட்டாள். இணைப் பேராசிரியர் பதவிக்கு அந்தக் கட்டுரையைத்தான் நம்பியிருந்தாள். இப்போது இவன் வந்து நடுவில் நிற்கிறான்!

அவர்கள் இருவரும் வேலை செய்வது கணிதத்திலேயே ஆள் நடமாட்டமில்லாத ஒரு மூலையில். குலம் என்று ஒன்று உண்டு. அதன் உறுப்புகளை ஒன்றோடு ஒன்று பெருக்கலாம், ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு நேர்மாறு இருக்கும், எதோடு பெருக்கினாலும் எதையும் மாற்றாத ஒரு சமனி இருக்கும். அதோடு, எது எதற்குப் பக்கத்தில் என்ற ஓர் ஒழுங்கையும் சேர்த்துவிட்டால் தொடர்ச்சியைப் பற்றிப் பேசலாம். உறுப்பைக் கொஞ்சமாக நகர்த்தினால் பெருக்கலின் விடையும் கொஞ்சமாகத்தான் நகருமா, நேர்மாறும் அப்படியா என்று. சமர்த்தான குலங்களில் இரண்டுக்கும் ஆமாம் என்று பதில் வரும். இவர்கள் இருவரும் கட்டிக்கொண்டு அழும் குலங்களில் பெருக்கல் மட்டும் ஒழுங்காக நடக்கும். நேர்மாறுக்கு யாரும் ஜாமீன் கொடுக்க முடியாது. ஜார்ஜ் டவுனில் கார் ஓட்டுகிறவர்களுக்கு இது உடனே புரியும். கோட்டைப் பக்கத்து ஒருவழித் தெருவில் பத்தடி முன்னால் போவது ஒன்றுமே இல்லை. அதே பத்தடி பின்னால் வரவேண்டுமென்றால் பாதி ஊரைச் சுற்றவேண்டும்.

புவனேஸ்வரனின் நிரூபணத்தில் ஆறாவது வரியில், 'W சமச்சீரானது என்று எடுத்துக்கொள்வோம்' என்றிருந்தது. அதாவது, W என்ற சின்ன வட்டாரத்தில் யார் இருந்தாலும் அவருடைய நேர்மாறும் அதே வட்டாரத்துக்குள் இருக்கிறதாம். எப்படி எடுத்துக்கொள்வது? நேர்மாறுக்கு ஜாமீனே இல்லை என்று முதல் பக்கத்தில் சொல்லிவிட்டு, ஆறாம் பக்கத்தில் அதையே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டால்? சமர்த்தான குலங்களோடு பழகிய கை, பழக்கதோஷத்தில் எழுதும் வரி அது. அடுத்தவன் எழுத்தில் படிக்கும்போது சுதர்ஷினிக்கு அது பளிச்சென்று தெரிந்தது. உடனே நீல நோட்டைத் திறந்தாள்.

அவளுடைய பக்கத்திலும் அதே ஆறாவது வரி. அதே சமச்சீர். அது மட்டுமா, இரண்டு W-ஐப் பெருக்கினால் போதும் என்கிற இடத்தில் தேவையே இல்லாமல் மூன்றாவதாக ஒரு W வேறு. அங்கேயும் மூன்று, இங்கேயும் மூன்று.

தன் கட்டுரை போயிற்று என்று அவள் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்க வேண்டும். நியாயமாகப் பார்த்தால் அதுதான் நடந்திருக்க வேண்டும். ஆனால் அந்த அம்மாளுக்கு வந்தது சந்தோஷம்! மாட்டினான் என்று வந்த சந்தோஷம். தன் தேற்றம் செத்துக் கிடக்கிறது, இவள் திருடனின் கால்தடத்தை அளந்துகொண்டிருக்கிறாள்.

யோசிக்க யோசிக்க ஒவ்வொன்றாக மேலே வந்தது. அக்டோபரில் அவன் அறைக் கூரையிலிருந்து ஏசித் தண்ணீர் சொட்டோ சொட்டென்று சொட்ட, மூன்று வாரம் தன் அறையில் இடம் கொடுத்தவள் இவள்தான். சாவியையும் கொடுத்தாள். நீல நோட்டு அலமாரியில்தான் இருந்தது. நவம்பர் கருத்தரங்கில் அவள் தன் தேற்றத்தைச் சொன்னபோது கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தான். கேள்வி நேரம் தொடங்கும் முன்பே எழுந்து போய்விட்டான். துணைத்தேற்றத்தின் நிரூபணத்தை அவள் அன்றைக்கு யாருக்கும் காட்டவில்லை. அப்படியென்றால் நோட்டைத் தவிர வேறு எங்கிருந்து வரும்? அதற்குப் பிறகு அவளோடு ஹபீபா பீவி கடைக்குத் தேநீர் குடிக்க வருவதையும் நிறுத்திவிட்டான். எல்லாவற்றுக்கும் மேலே, நாலு வருஷமாக வாய் நிறைய 'அக்கா' என்று கூப்பிட்டவன், அன்றிலிருந்து 'டாக்டர்' என்கிறான். குற்றமுள்ள நெஞ்சுக்கு அக்கா என்று சொல்ல வாய் வருமா?

இன்னொரு நினைப்பும் வந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லமாட்டாள். யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வேக் கணக்கராக வந்த கொள்ளுத்தாத்தா முதல் எல்லாரும் எழுத்து வேலை பார்த்த குடும்பம் அவளுடையது. தோட்டத்திலிருந்து வந்தவனுக்கு இப்படி ஒரு துணைத்தேற்றம் தானாகவா தோன்றியிருக்கும் என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. கேட்டதும் அவளுக்கே கூசியது. ஆனாலும் அந்தக் குரலை அவள் வெளியே தள்ளவில்லை. சாட்சிகளோடு சாட்சியாக உட்கார விட்டாள்.

அலுவலகத்தில் எழுத்தர் சித்தி ஹாஜரா இருந்தாள்; சித்தி என்பது உறவுமுறை அல்ல, பெயரின் பாதி. இருபது வருஷமாகத் துறையின் பரீட்சைத் தாள்களை எல்லாம் தட்டச்சு செய்கிறவள்.

"ஹாஜரா, புவனேஸ் என் ரூம்ல இருந்தப்ப சனிக்கிழமையும் வந்தாரா?"

"வந்தாரே. ஒரு சனிக்கிழமை நான்தான் கதவைத் தொறந்துவிட்டேன். ஏன் டாக்டர், ஏதாச்சும் காணமா?"

"இல்ல, சும்மா கேட்டேன்."

"சும்மா கேக்கிற ஆளா நீங்க? போங்க லா!"

சனிக்கிழமையும் வந்திருக்கிறான். அது போதும் என்று சுதர்ஷினி நேராகத் துணை டீன் ஹைக்கலின் அறைக்குப் போனாள்.

ஹைக்கல் பொறியியல்காரர், மலாயும் ஆங்கிலமும் கலந்து மெதுவாகப் பேசுவார். அவள் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, மேசை மேலிருந்த கோப்புக் கட்டிலிருந்து ஒன்றை உருவினார். புவனேஸ்வரனின் ஒப்பந்தம் நீட்டிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யும் கூட்டம் வரும் வியாழக்கிழமையாம். நல்லவேளை, முன்பே சொன்னீர்கள் என்றார். புகாரை எழுத்தில் கொடுங்கள், நோட்டுப் பக்கத்தின் நகலும் வேண்டும் என்றார். சொல்லிக்கொண்டே கைப்பேசியை எடுத்துக் குழுவில் உள்ள மற்ற மூன்று பேருக்கும் செய்தி அனுப்பினார். திருட்டுப் புகார், கோப்பை நிறுத்திவைக்கவும், அவ்வளவுதான். மூன்று முறை சின்னச் சத்தம் வந்தது.

அந்தச் சத்தத்தில் சுதர்ஷினிக்குப் பிரமிளாவின் முகம் வந்தது. புவனேஸ்வரனின் மனைவி, பாயான் பாரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்த்துக்கொண்டிருந்தவள், கர்ப்பம் ஏழு மாதம் ஆனதும் போன மாதம்தான் வேலையை விட்டாள். அதற்கு நான் என்ன செய்வது, திருடும்போது அவன் யோசித்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே படியிறங்கினாள்.

நகலெடுக்கும் இயந்திரம் சித்தி ஹாஜராவின் மேசைக்குப் பின்னால் இருந்தது. அவள்தான் நோட்டை வாங்கிக் கண்ணாடி மேல் கவிழ்த்தாள். கவிழ்த்தவள் மறுபடி நிமிர்த்திப் பார்த்தாள்.

"இது யாரு நோட்டு, டாக்டர்?"

"என்னோடதுதான். கையெழுத்து தெரியல?"

"கையெழுத்து உங்களோடதுதான். ஆனா எழுதியிருக்கிறது புவனேஸ்வரன் சார் மாதிரி இருக்கே."

"என்ன உளர்றே?"

"கோவப்படாதீங்க. எனக்குக் கணக்கும் தெரியாது, ஒரு மண்ணும் தெரியாது. எழுத்துதான் தெரியும். நீங்க எப்பவும் e-ன்னுதானே போடுவீங்க? ஒரு தடவை நான் பேப்பர்ல 1-ன்னு அடிச்சிட்டேன்னு அந்தப் பக்கம் பூரா திரும்ப அடிக்க வச்சீங்களே, மறந்துபோச்சா? இங்க எல்லாம் 1 போட்டிருக்கு. அப்புறம் உங்களுக்கு U, V. இந்த W எல்லாம் அவரோடது. அவரு பேப்பர்ல எப்பவும் W மூணு மூணா வரும். எனக்குக் கை வலிக்கும்."

சுதர்ஷினி நோட்டைப் பிடுங்கிப் பார்த்தாள். உண்மைதான். சமனி உறுப்பை அவள் பிறந்ததிலிருந்து 1 என்று எழுதியதில்லை. எழுதும் மாணவர்களைத் திட்டுவாள்; ஒன்று என்பது எண், சமனிக்குத் தனியாக ஒரு மரியாதை உண்டு என்று வகுப்பில் பிரசங்கம் செய்வாள். அந்தப் பக்கம் முழுக்க ஒன்று, ஒன்று, ஒன்று. முன்பக்கத்தில் e. பின்பக்கத்தில் e. நடுவில் இது மட்டும் அடுத்த வீட்டுக்காரன் மாதிரி உட்கார்ந்திருந்தது.

"ஓரத்துல என்னா மஞ்சளா?" என்று சித்தி ஹாஜரா விரலால் தேய்த்துப் பார்த்தாள். "டுரியான் பழம் மாதிரி இருக்கு. அன்னிக்கு நீங்க ரெண்டு பேரும் ரூம்ல வச்சுத் தின்னு, காவலாளி வந்து சண்டை போட்டாரே, ஜூன் மாசம்?"

ஐயோ.

ஒரேயடியாக எல்லாம் திரும்பி வந்தது. பாலிக் புலாவிலிருந்து புவனேஸ்வரன் மூடி போட்ட டப்பாவில் டுரியான் சுளை கொண்டுவந்தான். இருவரும் கதவைச் சாத்திக்கொண்டு தின்றார்கள். வாடை நடைபாதை வரைக்கும் போய், காவலாளி வந்து கத்திவிட்டுப் போனார். சிரித்து முடித்ததும், அக்கா ஒரு விஷயம் யோசிச்சேன், சரியான்னு பாருங்க என்று அவளுடைய வெள்ளைப்பலகையில் எழுத ஆரம்பித்தான். அவள் கையைச் சரியாகக்கூடத் துடைக்காமல் நோட்டில் அப்படியே எழுதிக்கொண்டாள். நல்லா இருக்கே, வீட்டில் உட்கார்ந்து பார்க்கிறேன் என்றாள். பார்க்கவில்லை. மறுநாள் அம்மாவுக்கு அறுவைச் சிகிச்சை; இரண்டு மாதம் ஆஸ்பத்திரியும் வீடுமாகப் போனது. நோட்டு அலமாரிக்குப் போனது. அக்டோபரில் திறந்தபோது கையெழுத்து மட்டும் அவளுடையதாக இருந்தது.

நகல் வேண்டுமா வேண்டாமா என்று சித்தி ஹாஜரா கேட்டதற்குப் பதில் சொல்லாமல் அறைக்கு ஓடினாள். அச்சுப்பொறிக்குப் புதுத் தாள் வைத்து, காலையில் வராத மிச்சப் பக்கங்களை எடுத்தாள். பதினோராம் பக்கத்தின் அடியில், நன்றி என்ற தலைப்பில் ஒரே ஒரு வாக்கியம் இருந்தது. போன ஜூன் மாதம் ஒரு பிற்பகல் முழுவதும் தம் அறையின் பலகையைத் தந்து, மூன்றாம் துணைத்தேற்றத்தைப் பொறுமையாகக் கேட்டுக் குறிப்பும் எடுத்துக்கொண்ட டாக்டர் சுதர்ஷினி விஸ்வலிங்கத்துக்கு நன்றி.

குறிப்பும் எடுத்துக்கொண்ட. அந்தச் சொற்களை அவள் எத்தனை தடவை படித்தாள் என்று கணக்கில்லை. நன்றிதானா, அல்லது ஊரறிய வைத்த சாட்சியா? நன்றி என்றால் அவன் நல்லவன். சாட்சி என்றால் அவன் கெட்டிக்காரன். எது என்று கடைசிவரை அவளுக்குப் பிடிபடவில்லை. இத்தனை நாளும் அவள் அவனைச் சந்தேகப்பட்டதாக நினைத்திருந்தாள். நவம்பரிலிருந்தே அவன்தான் அவளைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தான், அதுவும் நியாயமாக.

மறுபடி ஹைக்கலின் அறைக்குப் போனாள். புகாரை வாபஸ் வாங்குகிறேன், நான் தவறாகப் புரிந்துகொண்டேன் என்றாள். ஹைக்கல் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். வாபஸ் வாங்கலாம், யார் வேண்டாம் என்றது என்றார். ஆனால் மூன்று பேர் படித்துவிட்டார்கள். காலையில் திருடன், மத்தியானம் திருடன் இல்லை என்றால் அவர்கள் எதை நம்புவார்கள்? நெருப்பில்லாமல் புகையுமா என்பார்கள். காரணம் சொல்லாமல் வேறொருவரை எடுத்துக்கொள்வார்கள். ஏன் தவறாகப் புரிந்துகொண்டீர்கள் என்று எழுதிக் கொடுத்தால்தான் அவருக்கு உதவும்.

காலையில் இந்த அறைக்கு வந்து போக அவளுக்குப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. திரும்பிப் போகும் வழிதான் எங்கெங்கோ சுற்றி அவள் பெயரில் வந்து நின்றது.

"எழுதுகிறேன்," என்றாள்.

பதவி உயர்வு மனுவும் இதே மேசையில்தான் இருக்கிறது, தெரியும்தானே என்று ஹைக்கல் மெதுவாகக் கேட்டார். தெரியும் என்றாள். அங்கேயே உட்கார்ந்து எழுதினாள். இன்று காலை புவனேஸ்வரன் மேல் நான் சொன்ன திருட்டுப் புகார் தவறு. துணைத்தேற்றம் புவனேஸ்வரனுடையது. ஜூன் மாதம் அவர் சொல்ல நான் எழுதிக்கொண்டேன். அவர் பெயரைக் குறிக்காமல் வைத்து, மறந்து, என்னுடையது என்று நவம்பரில் ஆய்விதழுக்கு அனுப்பினேன். அந்தக் கட்டுரையை இன்றே திரும்பப் பெறுகிறேன். எடுத்தது நான், அவர் அல்ல. கையெழுத்துப் போட்டாள். ஹைக்கல் அதைப் படம் பிடித்து அதே மூன்று பேருக்கும் அனுப்பினார். வியாழக்கிழமை கோப்பு மேசைக்கு வரும், எனக்குத் தெரிந்து இனித் தடை ஒன்றும் இருக்காது என்றார்.

நகலை எடுத்துக்கொண்டு புவனேஸ்வரனின் கதவைத் தட்டினாள்.

"வாங்க டாக்டர்," என்று எழுந்து நின்றான். அவள் தாளை நீட்டினாள். அவன் நின்றபடியே படித்தான். புகார் என்ற சொல் வந்த இடத்தில் அவன் முகம் வெளுத்தது. முடித்துவிட்டு உட்கார்ந்தான்.

"காலையில என்னைத் திருடன்னு சொல்லிட்டு வந்திருக்கீங்க."

"ஆமா."

"நவம்பர்ல அந்தச் செமினார்ல கடைசி ஸ்லைடு வரைக்கும் உக்காந்திருந்தேன். மறந்திருப்பாங்க, கடைசியில ஒரு வரி சொல்லிடுவாங்கன்னு. சொல்லல. எழுந்து வந்துட்டேன்."

"அப்பவே என்கிட்ட வந்து கேட்டிருக்கலாம்ல, தம்பி?"

"கேட்டா? நீங்க சீனியர், நான் கான்ட்ராக்ட். நோட்டு உங்க கையெழுத்துல இருக்கு. உங்க வீட்ல எல்லாரும் படிச்சவங்க, எங்க அப்பா பால் வெட்டினவரு. யாரு நம்புவா? நீங்களே நம்பலையே."

அந்தக் குரலைக் காலையிலேயே வெளியே தள்ளாமல் விட்டவள் அவள். மன்னிப்புக் கேட்டாள். அவன் தலையை ஆட்டினான், சரி என்றும் இல்லை, வேண்டாம் என்றும் இல்லை. போய்விடலாம் என்றுதான் அவளுக்கு இருந்தது. ஆனால் இன்னொன்று பாக்கி இருந்தது. அதைச் சொல்லாமல் போனால் அது இரண்டாவது திருட்டு.

"இன்னொண்ணு இருக்கு. அந்த மூணாவது லெம்மா தப்பு."

"என்ன?"

அவள் பலகையில் ஆறாவது வரியை எழுதி, சமச்சீர் என்ற சொல்லின் கீழே ஒரு கோடு போட்டாள். அவன் பத்து விநாடி பார்த்தான். பிறகு இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டான்.

"ஐயோ, இன்வர்ஸ் கன்டினியுவஸே இல்லையே! எப்படி எழுதினேன் இதை?"

"பழக்கம்தான். எல்லாரும் செய்றதுதான். W-ஐ விட்டுட்டு வேற வழியில போனா ஒருவேளை…"

அவன் அவளை நிறுத்தினான். கண் பலகையிலிருந்து அவளிடம் திரும்பியது. அதில் இப்போது கோபம்கூட இல்லை.

"அப்போ ஜூன்ல நான் எழுதினதை அப்படியே பேப்பர்ல போட்டுட்டீங்க. இந்த வரியோட."

"ஆமா."

"மூணாவது W-வோட."

"ஆமா."

"எடுத்தது மறதின்னு வச்சுக்கலாம், டாக்டர். மனுஷங்க மறப்பாங்க. அன்னிக்கு 'சரியான்னு பாருங்க'ன்னு சொல்லித்தான் உங்ககிட்ட கொண்டுவந்தேன். ஒரு தடவைகூடப் பாக்கலையா?"

பதினாறு வருஷத்தில் எத்தனை பேரை அழவைத்திருப்பாள். அவளால் இப்போது அழக்கூட முடியவில்லை. 'பாக்கல' என்று சொன்னாள். அது அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை.

அவன் எழுந்து துடைப்பானை எடுத்தான். அவள் எழுதியதை முழுவதும் துடைத்தான். மேலே சின்னதாக 1 என்று எழுதி, அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, முதலிலிருந்து யோசிக்கத் தொடங்கினான். அவள் இன்னும் நிற்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவனுக்குத் தெரிந்தது. ஒரே ஒரு சொல்லுக்காக நிற்கிறாள் என்பதும் ஒருவேளை தெரிந்திருக்கும்.

"ஏசி ஓடுது," என்றான் திரும்பாமல். "கதவைச் சாத்திட்டுப் போங்க, டாக்டர்."